ஜன்னலில் ஒரு முகம்

“என்னைக் கேக்காமல் என்ர படத்தை ஏன் ஜன்னலில வைச்சனீங்கள்?”

ஆக்லாந்தின் கிளென் ஈடனில் போட்டோ ஸ்டூடியோ நடத்தும் ஆனந்தவல்லி திகைத்தாள். எதிரே நின்ற மகேசன், ஜெர்மனியில் ஐந்து வருடம் அகதியாக இருந்துவிட்டு 1996-இல் இங்கே வந்தவன்.

“படம் நல்லா வந்துச்சு, அதான் வச்சேன். தப்பா?”

“ஜெர்மனியில ஒருத்தற்ற படத்தை அவரைக் கேக்காமல் இப்பிடி வைக்கேலாது. சட்டம் இருக்கு. கழட்டுங்கோ.”

அவள் கழற்றிக் கொடுத்தாள். “போன வாரம் ஒரு லேடிகூட இதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. உங்க ஊர்ப் பேச்சுதான்.”

மகேசனின் முகம் மாறியது. காட்டிக்கொடுப்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

“என்ன கேட்டவ?”

“நீங்க எங்க இருக்கீங்கன்னு.”

“சொன்னீங்களோ?”

“சேச்சே, அட்ரஸ் சொல்லல. பேரு மகேசன்னு மட்டும் சொன்னேன். உடனே அவங்க முகம் வாடிப்போச்சு. ‘அப்ப இது என்ர தம்பி இல்லை, அவன்ர பேர் குகதாசன்’னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

மகேசன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். மகேசன் என்பது, ஊரைவிட்டுத் தப்புவதற்கு ஏஜெண்ட் கொடுத்த பாஸ்போர்ட்டில் இருந்த பெயர்.

“அவ எங்க இருக்கிறா?”

“அதெல்லாம் நான் கேக்கலைங்க.”

அவன் படத்தைத் திருப்பி நீட்டினான்.

“இதைப் பெரிசாக்கி ஜன்னலில வையுங்கோ. கீழ குகதாசன் எண்டு பேரும் போடுங்கோ.”