விறகுப் பரண்

அப்பாவைப் புதைத்த மறுவாரம், அவரோடு பட்டாளத்தில் இருந்த கிழவர் துக்கம் கேட்க வந்தார்.

“உங்கப்பன் சிங்கம்டா தம்பி,” என்றவர், சுவரில் அப்பா படத்துக்குப் பக்கத்திலிருந்த படத்தைக் காட்டினார். “இது யாரு?”

“எங்க மூத்த மகண்ணே,” என்றாள் அம்மா. “பட்டாளத்துலேருந்து ஓடி வந்து, பரண்ல விறகுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தான். எனக்கே தெரியாது. இவரு நேரா ஏணியப் போட்டு ஏறி, கழுத்தப் பிடிச்சு இறக்கி, தேடி வந்த பட்டாளத்துக்காரங்ககிட்ட ஒப்படைச்சாரு. ஓடுறவன் என் புள்ளையில்லன்னாரு. அடுத்த மாசமே பொணமா வந்தான். தான் ஓடாத மனுசன், மகன் ஓடுனது பொறுக்கலபோலன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்.”

கிழவர் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

“அடுப்படிக்கு மேல இருக்குமே, அந்தப் பரணாம்மா?”

“உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

அவர் தலை நிமிரவில்லை. “உன் கல்யாணத்துக்கு முந்தி, நானும் உன் புருசனும் சண்டையிலேருந்து ஓடி வந்து மூணு மாசம் அங்கதான் கெடந்தோம். உன் மாமியாதான் ஏணியில ஏறி சோறு குடுப்பாங்க. ஓடுனவங்களுக்குப் பட்டாளத்துல மன்னிப்பு குடுக்குறாங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் இறங்கித் திரும்பிப் போனோம்.”

அம்மா எழுந்தாள். செங்கல் சுமந்து காய்த்த கையால் அப்பா படத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“ஏணியப் போடு. விறகுக்குப் பின்னால வை. அவருக்குப் பழகின இடம்தான்.”