வலிக்காத கை

ஆஸ்வினின் தொடைக்குப் பின்னால் ஜொவிட்டா உள்ளங்கையை வைத்தாள். பூனைக்குட்டி வந்து படுத்த மாதிரி இருந்தது. வலியாவது, கிலியாவது!

அவனுக்கு முன்னால் அதே கட்டிலில் படுத்த கிரீஷ் போட்ட கூச்சல் பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

"சொந்தக்காரன்னா தனி கவனிப்புதான் மச்சி. என்னைப் புழிஞ்சு எடுக்குது உங்கக்கா" என்றான் நொண்டிக்கொண்டே.

ஆஸ்வினுக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியப்பா மகள் இல்லையா, பின்னே?

ஜொவிட்டா பிசியோதெரபியில் மேற்படிப்பு படிக்கிறாள். இளைஞர்களின் இறுகிப்போன தொடைத் தசையைக் கையாலேயே இளக்குவது பற்றி ஆய்வு. ஆள் தேடி அலைந்தவள், போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த இவர்கள் இருவரையும் பிடித்துப் போட்டாள்.

எழுத்துத் தேர்வில் இருவரும் தேறிவிட்டார்கள். பாக்கி ஓட்டமும் தாண்டலும்தான். ஆஸ்வினுக்கு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் காக்கிச் சட்டையை மறந்துவிட வேண்டியதுதான்.

தொடை இறுக்கத்தை அடையாறில் நல்ல டாக்டர் ஒருவரிடம் காட்டலாம் என்று அவன் அம்மா அல்போன்சா கெஞ்சிப் பார்த்தாள். அக்கா இருக்கும்போது கண்டவன் கையில் காலைக் கொடுப்பேனா என்று சண்டைக்கு வந்தான். அவளும் வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

உடல்தகுதித் தேர்வன்று நீளம் தாண்டும்போது, பட்டென்று தொடைத் தசை கிழிந்தது. மணலில் புரண்டவனை நாலு பேர் தூக்கிவந்தார்கள். கிரீஷ் தாண்டிவிட்டான், அந்த வயிற்றெரிச்சல் வேறு.

வீட்டுக்குப் பார்க்க வந்த ஜொவிட்டா கட்டில் ஓரமாக நின்று அழுதாள். அவனுக்கே பொறுக்கவில்லை.

"அழாதக்கா. நீ நல்லாத்தான் பண்ண. என் காலுதான் உருப்படாத காலு."

"நான் உனக்கு ஒண்ணுமே பண்ணல ஆஸ்வின்" என்றாள். "பாதிப் பேருக்கு நிஜமா இழுத்து விடணும், பாதிப் பேருக்குச் சும்மா கைய வெச்சு எடுக்கணும். ரெண்டுக்கும் வித்தியாசம் காட்டினாதான் ப்ராஜெக்ட்."

யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தாயா என்று ஆஸ்வின் கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்புறம் ஏன்க்கா என்னை அதுல போட்ட?"

"நீதான்டா என்னைச் சந்தேகப்பட மாட்ட."