அசையாத எழுபத்துமூன்று

"செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ அம்மா. கைப்பையை என்னட்டைத் தாங்கோ."

பூரணம் கைப்பையை நீட்டிவிட்டு, சேலையை இடுப்போடு சேர்த்துப் பிடித்தபடி மெல்லத் தராசில் ஏறினார். சாவகச்சேரியில் இருக்கும் இந்தக் கிளினிக்குக்கு நிறை குறைக்க மூன்று மாதமாகப் புதன்கிழமை தவறாமல் வருகிறார். ஆனாலும் தராசில் கால் வைக்கும்போது நெஞ்சு பதைப்பது மட்டும் நின்றபாடில்லை.

நேர்ஸ் தர்சிகா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"எழுபத்திமூண்டு! ஆறு கிழமையா உதே எழுபத்திமூண்டுதான்!"

"என்ன செய்ய பிள்ளை, என்ரை உடம்பு அப்பிடி."

"பிளவுஸ் கை தொளதொளவெண்டு கிடக்கு, தராசு மட்டும் அசையுதில்லை. கொப்பியைத் தாங்கோ பாப்பம்."

தின்றதையெல்லாம் நாளுக்கு நாள் கொப்பியில் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது அங்கே சட்டம். டொக்டர் யாரோடும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கதைக்கமாட்டார். தர்சிகா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பொலிஸ்காரி மாதிரி வரிவரியாக விசாரிப்பாள்.

"திங்கக்கிழமை குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும். புட்டுக்கு எவ்வளவு தேங்காய்ப்பூ?"

"ஒரு பிடி."

"குரக்கன் மா?"

"நானே வறுத்து இடிச்சது பிள்ளை. மிளகாய்த்தூளும் அப்பிடித்தான். பக்கற்றிலை அடைச்ச ஒண்டும் என்ரை குசினிக்குள்ளை வராது."

"வீட்டிலை இடிச்சா என்ன, கடையிலை வாங்கினா என்ன, கூடத் திண்டா நிறை கூடத்தான் செய்யும். தேங்காய்ப் பால் நீங்கள் பிழிஞ்சதெண்டு உங்கடை வயிறு கணக்கிலை விட்டிடுமே? செவ்வாய்க்கிழமை கத்தரிக்காய்க் கறிக்கு எந்தப் பால்? முதல் பாலோ?"

"சீச்சீ, கடைசிப் பால்."

பூரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஏசவும் ஓர் ஆள் வேண்டாமா? கடை வைத்திருந்த புருசன் தம்பிராசா கண்ணை மூடி நாலு வருடமாகிறது. அவர் இருக்கும்வரை கறியில் உப்புக் கூடினால் ஒரு சண்டை, குறைந்தால் இன்னொரு சண்டை. கனடாவில் இருக்கிற மகன் செந்தூரன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, "சாப்பிட்டியளோ அம்மா?" என்பான். "ஓம்" என்றால் அவனுக்குப் போதும். என்ன கறி என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"பஞ்சலிங்கத்தாரைப் பாருங்கோ," என்றாள் தர்சிகா. "உங்களோடை சேர்ந்தவர்தானே? எழுபது கிலோவுக்கு வந்த கையோடை கார்ட்டை மூடி அனுப்பிப்போட்டம். இப்ப இந்தப் பக்கமே அவர் வாறேல்லை. நீங்களும் அப்பிடிப் போகவேண்டாமே?"

"ஓம் பிள்ளை," என்றார் பூரணம்.

தர்சிகா கொப்பியை மூடினாள். "டொக்டர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார். இண்டைக்கும் இறங்காட்டி, இனி உங்களுக்கு டின் மாதானாம். காலமையும் இரவும் அதைக் கரைச்சுக் குடிக்கோணும். சமையலைக் கொஞ்ச நாளைக்கு விடட்டாம்."

பூரணம் பதறிப்போனார். "ஐயோ, ஏலாது பிள்ளை! சமைக்காட்டி விடிஞ்சாப் பொழுதுபட்டா நான் என்னத்தைச் செய்யிறது? கொப்பியிலை என்னத்தை எழுதுறது?"

அவருடைய கண் கலங்கியதைப் பார்த்ததும் தர்சிகாவுக்கு மனம் இளகிவிட்டது. கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள்.

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோ. கொப்பியிலை எழுதாமல் எதையோ திண்டிருக்கிறியள்."

பூரணம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"சனிக்கிழமை... பனங்காய்ப் பணியாரம் சுட்டனான். ஒரு பத்துத் திண்டிருப்பன்."

"பத்தோ!" கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோசத்தில் தர்சிகா மேசையில் தட்டினாள். "பாத்தியளே! உதைத்தானே இவ்வளவு நாளும் தேடினனான். எண்ணெயிலை பொரிச்சதை இப்பிடித் திண்டா எப்பிடி இறங்கும்? சரி, டின் மா வேண்டாம். நான் டொக்டரோடை கதைக்கிறன். இன்னும் ஒரு மாதம் பாப்பம். ஆனா ஒரு கதை. இனி ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு உங்களுக்குப் போன் எடுப்பன். என்ன சமைச்சனியள், எவ்வளவு திண்டனியள், ஒண்டுவிடாமல் சொல்லோணும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். உங்களுக்குக் கரைச்சலோ?"

"இல்லைப் பிள்ளை, இல்லை. எடு. மறக்காமல் எடு."

பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்த பூரணம் கதவைச் சாத்தினார். குசினியில் காலையில் அவித்த புட்டுப் பாதிக்கு மேல் அப்படியே மூடிக் கிடந்தது. தனியே இருந்து தின்றால் எதுவும் அவருக்குத் தொண்டையால் இறங்குவதில்லை. பனங்காய்ப் பணியாரம் பொரிக்கும் தாச்சியை அவர் எடுத்தே நாலு வருடம் ஆகிறது.

"பாவம் அந்தப் பிள்ளை," என்று வாய்விட்டுச் சொல்லியபடி, பாவாடையின் உள்ளே தைத்திருந்த பையிலிருந்து, தம்பிராசாவின் கடைத் தராசுக்குரிய இரண்டு கிலோப் படிக்கல்லையும் ஒரு கிலோப் படிக்கல்லையும் எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, அடுத்த புதனுக்கு இது போதாது என்று அரைக்கிலோக் கல்லைத் தேடத் தொடங்கினார்.