இருவரில் ஒருவர்

"சர்க்கரை?"

"மேல் தட்டு, இடது ஓரம். நீல மூடி போட்ட டப்பா."

"அடுப்பு?"

"வலது பக்க பர்னர் மட்டும்தான் எரியும். இடது பக்கம் அடைச்சுக்கிட்டு ஆறு மாசமாச்சு."

"குளியலறைக் குழாய்?"

"சிவப்புக் குழாய்லதான் பச்சைத் தண்ணி வரும். பிளம்பர் மாத்தி மாட்டிட்டுப் போயிட்டான்."

அவள் உதட்டை அசைத்துத் தலையாட்டினாள். லிஃப்ட் மெக்கானிக் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டார். காலை ஏழு மணியிலிருந்து இதே பாட்டுதான்.

"ஒண்ணு தப்பினாலும் வீடு போச்சு" என்றார்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. நகராட்சியின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு குடும்பஸ்தர்களுக்கு மட்டும். தனி ஆள் என்று தெரிந்தால் பதினைந்தே நாளில் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். கணவன், மனைவி இருவரும் இந்த முகவரிக்கு மாறிவிட்டதாக மெக்கானிக் பதிவு செய்து எட்டு மாதம் ஆகிறது. தண்ணீர் மீட்டர், மின்சார மீட்டர், குப்பையின் எடை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, நகராட்சி புதிதாக வாங்கிய கணினி போன வாரம் ஒரு வரி எழுதியிருந்தது: "பதிவான இருவரில் ஒருவர் இங்கே வசிக்கவில்லை. சந்தேகம் 93 சதவீதம்."

எந்த ஒருவர் என்று அது சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வாளருக்குச் சம்பளம்.

பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஆய்வாளர் டேப்லெட்டும் கையுமாக வந்தார். முதலில் இருவருடைய அடையாள அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். படத்தில் இருந்தவர்கள் எதிரே நின்றவர்களைப் போல இல்லை. யாருடைய அட்டையில்தான் இருக்கிறார்கள்? திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பதினொரு வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி எத்தனையோ கேஸ் பார்த்துட்டேன் சார். வீட்டுல இல்லாதது எப்பவும் ஆம்பளைதான். பேரு இங்க இருக்கும், ஆளு வேற எங்கயாவது இருப்பான்."

மெக்கானிக் அசடு வழியச் சிரித்தார்.

"ஏங்க, சாருக்கு ஃபேனைப் போடறேன்" என்று அவள் ஒரு சுவிட்சைத் தட்டினாள். குளியலறை விளக்கு எரிந்தது. அடுத்ததைத் தட்டினாள். பால்கனி விளக்கு எரிந்தது.

"மூணாவது!" என்றார் மெக்கானிக் அவசரமாக.

"பதட்டப்படாதீங்கம்மா. உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல" என்ற ஆய்வாளர், மெக்கானிக் முந்திக்கொண்டதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டார். மனப்பாடம் செய்தவன்தான் முந்துவான்.

மெக்கானிக்கின் ஷேவிங் செட்டைத் தொட்டுப் பார்த்தார், ஈரமாக இருந்தது. செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தார், தேய்ந்திருந்தது. சட்டை அலமாரியைத் திறந்து மூடினார். பக்கத்து அலமாரியைத் திறக்கவில்லை. பெண்களின் அலமாரியைக் குடைவது அவருக்குப் பழக்கமில்லை.

"குப்பை வண்டி எப்ப வரும்?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

"செவ்வாய், வெள்ளி, ஆறே முக்காலுக்கு. வெள்ளிக்கிழமை வர்ற ஆளு கண்ணாடி பாட்டிலைத் தொட மாட்டான்."

ஆய்வாளர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "அம்மா, நீங்க எந்திரிக்காதீங்க. சார் நமக்கு டீ போடட்டும்."

அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். மெக்கானிக் சமையலறைக்குள் போனார். வலது பர்னரைப் பற்றவைத்தார். பார்க்காமலேயே கையை நீட்டி நீல மூடி டப்பாவை எடுத்தார். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கவனித்த ஆய்வாளர், டீயை ஒரு வாய் குடித்ததும் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"பதினஞ்சு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன் சார். சர்க்கரை எங்க இருக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீங்க இங்கதான் இருக்கீங்க."

"அவங்களை ஒண்ணும் கேக்கலையே..." என்று மெக்கானிக் இழுத்தார்.

"பொம்பளை இல்லாத வீட்டுல சமையலறை இப்படிப் பளிச்சுனு இருக்குமா? கேக்கவே வேணாம்."

டேப்லெட்டில் 'கணினியின் கணிப்பு தவறு' என்ற கட்டத்தைத் தொட்டார். மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 93 சதவீதம் இறங்கி 4 ஆனது.

"இனிமே இந்த மாதிரி வீட்டை அது சந்தேகப்படாது சார். நாம சொல்லிக் கொடுத்தாத்தானே அதுக்குப் புரியும்?"

கதவு மூடியது. மெக்கானிக் அப்படியே நாற்காலியில் சரிந்தார். எட்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு வெளியே வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. வீடு தப்பித்தது.

அவள் எழுந்து, டீ கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்திருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் வரேன் அண்ணே, அஞ்சாவது மாடிக்குப் பன்னிரண்டு மணிக்கு வேற ஆபீசர் வராராம், அந்த வீட்டுக்கும் நான்தான் சம்சாரம், சர்க்கரை எங்க இருக்குன்னு இனிமேதான் மனப்பாடம் பண்ணணும்."