அவளுக்கும் சேர்த்து

பெரியம்மா கேட்காமல் கொள்ளாமல் நர்ஸின் துப்பட்டாவைத் தோளிலிருந்து உருவிக்கொண்டு ஆடப் போய்விட்டாள்.

நர்ஸ் திருதிருவென்று விழித்தாள். கோயிலுக்குள், ஆராதனை நடக்கும்போதே இப்படியும் ஒரு பறிமுதலா?

பெரியம்மா என்றால் சொந்தப் பெரியம்மா இல்லை. நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் வெளிநாட்டு மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டைக் கூட்டித் துடைக்கிறவள், அந்த நாட்டுக்காரி. நடையும் உடம்பும் ஊரில் இருக்கும் பெரியம்மாவை அப்படியே உரித்து வைத்திருந்ததால் நர்ஸ் மனசுக்குள் வைத்துக்கொண்ட பெயர் அது. வாய்விட்டுக் கூப்பிட வழியில்லை. அவள்தான் நர்ஸோடு பேசுவதே இல்லையே.

அவள் மட்டுமா? ஒருவரும் பேசுவதில்லை. வார்டே கலகலவென்று சிரித்துக்கொண்டிருக்கும். இவள் உள்ளே நுழைந்தால் கப்சிப். மருந்து, ஊசி, காய்ச்சல் என்று வேலைக்கு வேண்டிய வார்த்தைகளோடு சரி. கடல் தாண்டி ஊழியத்துக்கு வந்தவளை இப்படி ஒதுக்கி வைத்தால் எத்தனை நாள்தான் தாங்குவாள்?

நாளைக் காலை முதல் வேலையாகப் பெரிய டாக்டரிடம் போய், என்னை ஊருக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுவிட வேண்டும். அப்படி முடிவு கட்டிவிட்டுத்தான் இன்று வந்திருந்தாள்.

ஆனாலும் வேடிக்கை பார்க்கிற ஆசை மட்டும் விடவில்லை.

பாட்டு ஆரம்பித்தால் போதும், இங்கே பெஞ்சுகள் காலி. மேளக்காரன் இரண்டு தட்டுத் தட்டுவதற்குள் சனம் முழுக்க நடுவில் இறங்கிவிடும். முன்னே போய், பின்னே வந்து, ஒரு கைதட்டு, ஒரு சுற்று. நேற்று வரை கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த கிழவர் கையில் மாவுக்கட்டோடு சுற்றிக்கொண்டிருந்தார். போதகர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார். இத்தனை நெரிசலிலும் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதில்லை. அது எப்படி என்று வாராவாரம் பார்க்கிறாள், இன்னும் பிடிபடவில்லை.

அவளுடைய சபையில் பாட்டுக்குத் தலை ஆடலாம், அதுவும் அளவோடு. இடுப்பு ஆடினால் அன்று சாயங்காலமே போதகர் வீட்டுக்கு வந்துவிடுவார். கையைக் கட்டி, தலையைக் குனிந்து, அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தால்தான் பக்தி. இங்கேயும் அப்படியே உட்கார்ந்திருந்தாள், அரைக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்தபடி.

இன்றைய பாட்டின் ராகம் அவளுக்குத் தெரிந்த ராகம். வார்த்தைதான் வேறு. ஊரில் பாடகர் குழுவுக்கு முதல் வரியை எடுத்துக் கொடுக்கிறவளே அவள்தான். இருந்தும் வாய் திறக்கவில்லை. பாஷை தெரியாதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். போனில் அம்மாவும் வாரம் தவறாமல் அதைத்தான் கேட்பாள், பாடினியாம்மா என்று. இவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

நடுவில் பெரியம்மா துப்பட்டாவைத் தலைக்கு மேலே தூக்கினாள். பிறகு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அடுத்தவளிடம் கொடுத்தாள். கை மாறிக் கை மாறி அது கிழவரிடம் வந்தது. அவர் மாவுக்கட்டுக் கையிலேயே அதை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு முகத்திலும் கேலி இல்லை.

பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார் மருந்தகக்காரர். அந்த ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற இன்னொரு ஆள் அவர் ஒருவர்தான். நீண்ட விடுப்பு முடிந்து நேற்றுத்தான் திரும்பியிருந்தார்.

"அண்ணே, என் துப்பட்டாவை வெச்சு என்ன பண்றாங்க?"

"உங்களுக்குப் பதிலா ஆடுறாங்க சிஸ்டர். பாட்டு நடக்குறப்ப எந்திரிக்காம உக்காந்திருந்தா, வீட்ல சாவுன்னு இங்க அர்த்தம். கொஞ்ச வாரம் பொறுத்துப் பாப்பாங்க. அப்புறம் அவங்க துணியை வாங்கி, அவங்களுக்கும் சேர்த்து ஆடிடுவாங்க."

நர்ஸுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. துக்கக்காரி முன்னால் யார் சிரிப்பார்கள்? யார் வளவளவென்று பேசுவார்கள்? சாயங்காலமானால் கதவைக்கூடத் தட்டாமல் அவள் அறை வாசலில் யாரோ மூடி வைத்துவிட்டுப் போகிற சாப்பாடு, ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து வருகிறது என்றல்லவா நினைத்திருந்தாள்! அட ஆண்டவரே.

மருந்தகக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நம்ம ஊரு பக்தி இங்க வந்து என்னவா ஆயிடுச்சு பாருங்க! இருங்க, சாவும் இல்ல ஒண்ணும் இல்லன்னு நானே போய்ச் சொல்லிடறேன்."

அவர் கிளம்பிவிட்டார். நர்ஸ் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துப்பட்டா இப்போது மேளக்காரனிடம் போயிருந்தது. அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி அடித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லாதீங்கண்ணே. போனது யாருன்னு கேட்டா, தம்பின்னு சொல்லுங்க. நான் பாடுறப்ப அவன்தான் தபேலா வாசிப்பான்."

அவனை அடக்கம் செய்த மறுநாளே வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனவள் அவள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் விமானம் ஏறியவள். அது இப்போது பொலபொலவென்று வந்தது.

பாட்டு முடிந்ததும் பெரியம்மா துப்பட்டாவைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டாள். அத்தனை பேர் வேர்வையிலும் அது நனைந்திருந்தது. நர்ஸ் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெரிய டாக்டருக்கு நாளைக்கு ஒரு வேலை மிச்சம். அடுத்த ஞாயிறும் அவள் இதே பெஞ்சில்தான் உட்காரப் போகிறாள். ஆடத்தான் ஆள் இருக்கிறதே.