இரண்டு வளைவுகள்

அவன் சம்மட்டியோடு கூடத்துக்குள் வந்து நின்றான். அவள் உதட்டில் ரத்தம் இன்னும் காயவில்லை.

கொழுந்தன். பஞ்சாயத்தில் கூடத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். தன் பாதியை இன்றைக்கே இடிப்பேன் என்று ஆட்களோடு வந்திருக்கிறான்.

மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றாள்.

அறைந்தான்.

குறுக்கே ஓடிவந்த மகளைச் சடையைப் பிடித்து இழுத்து முற்றத்துக் கருங்கல்லில் வீசினான். கை முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டார்தான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவள் போகவில்லை.

வீட்டைக் கட்டியவர் மாமனாரின் தாத்தா. சொந்தக் குளத்து மண்ணில் அறுத்துச் சுட்ட செங்கல், இரண்டு விரல் கனம்தான். கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்பு. இரும்புக் கம்பி ஒன்றுகூடக் கிடையாது. கூடத்தில் இரண்டு வளைவுகள், நடுவில் ஒரே தூண். இது அதைத் தள்ளும், அது இதைத் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் அத்தனை கனமான மச்சும் நிற்கிறது. சண்டை போட்டே நிற்கிற வீடு.

ஒரு தரம் வளைவின் அடியில் நாலு கல்லைப் பெயர்த்ததற்கே மச்சு வாய் பிளந்தது. அப்போது அவன் வெளியூரில் இருந்தான்.

ஒரு வளைவு போனால் மற்றதும் போகும். அவள் பாதியும் சேர்ந்துதான்.

அவள் எதைச் சொன்னாலும் நேர் எதிராகச் செய்வது அவன் குணம். கொட்டகையை வடக்கே போடலாம் என்றாள், தெற்கே போட்டான். இடி மழையில் மோட்டார் போட உங்க அண்ணனை அனுப்பாதீங்க என்றாள், அனுப்பினான். பிணமாகத்தான் வந்தார். பாவி.

ஏணியைச் சாத்தினான். மேலிருந்து பிரிப்பதுதான் முறை. ஆட்களும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

அவள் ரத்தத்தைத் துப்பினாள். வாசலில் நின்ற ஆட்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“தம்பி, மேலேருந்தே பிரிங்க. கீழ அந்த வளைவுல மட்டும் கை வச்சிடாதீங்க.”

ஏணியில் பாதி ஏறியிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

சிரித்தான்.

இறங்கினான்.

அவள் மகளின் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆட்களில் ஒருவன் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே முதல் அடி விழுந்தது.

அவள் கையை விடவில்லை.