உன்னைக் கெடுத்தது யாரு?

“அந்தச் சிலுவையைச் சட்டைக்குள்ள தள்ளிக்கய்யா. நாலு பேரு வந்து போற எடம் இது.”

மண்டியில் கணக்கெழுதும் துரைக்கண்ணு இதைச் சொல்வது முதல் தடவை அல்ல. தராசு பிடிக்கும் கண்ணையன் வழக்கம்போலச் சிரித்தான்.

“உள்ள போட்டா அரிக்குதுண்ணே. வெளியவே கெடக்கட்டும்.”

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. விழுப்புரத்தில் பெரியதம்பியின் மல்லாட்டை மண்டிக்கு, அதாவது வேர்க்கடலை மண்டிக்கு, அப்போது நல்ல பேர். கண்ணையன் கோலியனூர்ப் பக்கம் சொந்த நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டதும் வீட்டார் சேர்க்கவில்லை. வேலை தேடி இங்கே வந்தவன், எதையும் யாரிடமும் மறைக்கவில்லை. மத்தியானம் கூழ்ச் சட்டியைத் திறந்ததும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வான். மூட்டை தூக்குகிறவர்கள் ‘பாதிரியாரே’ என்று கிண்டல் செய்வார்கள். துரைக்கண்ணுவும் சேர்ந்து சிரிப்பார். சிரித்த கையோடு கணக்குப் புத்தகத்துக்குள் முகத்தைத் தாழ்த்திக்கொள்வார்.

ஏனென்றால் துரைக்கண்ணுவும் கிறிஸ்தவர்தான். பிறவிக் கிறிஸ்தவர்.

திண்டிவனத்தில் அவர் மனைவி லூர்துமேரி மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருப்பாள். இங்கே அவர் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருப்பார். மனைவி பேரைக் கேட்டவர்களிடம் அம்சவள்ளி என்று சொல்லிவைத்திருந்தார். வேலைக்கு வந்த அன்று கிறிஸ்தவன் என்று சொல்லியிருந்தால், எந்தத் தெரு என்பது அடுத்த கேள்வியாக வந்திருக்கும். அந்தத் தெருவின் பேரைச் சொன்ன பிறகு, கணக்குப் பெட்டிக்கு முன்னால் அவரை யாரும் உட்காரவிட்டிருக்க மாட்டார்கள். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் ஊர் போய் இறங்கி, ரயிலடிக் குழாயில் நெற்றியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவது அவருக்குப் பழகிவிட்டது.

கண்ணையனுக்கோ அவர்மேல் தனிப் பிரியம். அவருக்கு அது பெரிய பேஜாராக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. தராசுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டாயிற்று. தராசு பிடிக்கிறவன்தான் கற்பூரம் ஏற்ற வேண்டும் என்பது அந்த மண்டியின் வழக்கம். வியாபாரிகளெல்லாம் வந்து நின்றிருக்க, பெரியதம்பி தட்டை நீட்டினார்.

“மன்னிச்சிக்கணுங்க. தராசைத் தொடச்சேன், மாவெலை கட்டினேன். இது மட்டும் என்னால ஆகாதுங்க. நான் கிறிஸ்தவன்.”

பெரியதம்பி கோபக்காரர் இல்லை. வேறு யாராவது ஏற்றுங்கள் என்று தட்டைத் திருப்பினார். அதோடு போயிருக்கும். மூட்டை தூக்கும் விருத்தாசலம்தான், இவன் எப்போதும் துரைக்கண்ணுவோடுதானே ஒட்டிக்கொண்டு திரிகிறான், அவரும் இந்த மதந்தானா என்று கேளுங்கள் என்று சொல்லிவிட்டான். எல்லாரும் துரைக்கண்ணுவைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து கண்ணையனிடம் போனார். என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. கண்ணையன் கழுத்துக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பில் அறுத்து, சிலுவையை மல்லாட்டைத் தோல் குவியலில் விட்டெறிந்தார்.

“இந்த மாதிரி ஆளை வெச்சிக்கினு நாங்க எப்படிங்க வேலை செய்யறது?”

முதலாளிகூட அதிர்ந்து நின்றார். கண்ணையன் கழுத்தில் ரத்தம் கோடு போட்டிருந்தது. குனிந்து, தோலைக் கிளறிச் சிலுவையை எடுத்து மடியில் செருகிக்கொண்டான். மூட்டைக்காரர்கள் துரைக்கண்ணு பக்கம் சேர்ந்து சத்தம் போடவே, வேறு வழி தெரியாமல் பெரியதம்பி அவனை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை விழுப்புரம் ரயிலடியில் துரைக்கண்ணு திண்டிவனம் வண்டிக்குக் காத்திருந்தபோது, துணிமூட்டையோடு கண்ணையன் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தான். புதுச்சேரியில் ஆலை வேலைக்குப் போகிறானாம். கழுத்துக் காயத்தைப் பார்க்க முடியாமல் துரைக்கண்ணு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வந்தது கோபம்தான். இவன் பழையபடியே இருந்திருந்தால் இந்தப் பாவம் தமக்கு வந்திருக்காதே என்று தோன்றியது.

“சொந்த நிலம், சொந்த ஜனம்னு இருந்தவன் நீ. எந்தப் பாதிரியார்யா உன்னைக் கெடுத்தது?”

“பாதிரியாரு இல்லண்ணே.”

கண்ணையன் நிதானமாகச் சொன்னான். அவன் மனைவி கெங்கம்மாள், திண்டிவனத்தில் தாய்வீட்டில் பிரசவத்துக்கு இருந்தவள், பிள்ளையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஏரியில் விழுந்து சாவது என்று நடந்துகொண்டிருந்தவன் மழைக்கு அந்த ஊர் மாதா கோயில் வாசலில் ஒதுங்கினான்.

“உள்ள ஒருத்தர் தனியா முட்டி போட்டுக்கினு அழுதாருண்ணே. எதுக்கோ தெரியல, அப்படி ஒரு அழுகை. அப்புறம் கண்ணைத் தொடச்சிக்கினு எழுந்தாரு பாருங்க, அந்த மொகத்துல ஒரு தெம்பு. இவருக்குத் தெம்பு குடுத்த சாமி எனக்கும் வேணும்னு தோணிச்சு. ஏரிக்குப் போகல.”

“யாருய்யா அந்த ஆளு? விசாரிச்சியா?”

“விசாரிச்சேண்ணே. விழுப்புரத்துல, பெரியதம்பி மல்லாட்டை மண்டியில கணக்கெழுதறாருன்னாங்க. அதான் அங்கியே வந்து வேலை கேட்டேன்.”